பகலில் பிடித்தது, இரவு என்று எழுதியது

கண்ணு,

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இதைப் படித்து முடித்துவிடு. முடிக்கும்வரை உன் பெங்களூர் லேபில் இருக்கும் ஃப்ரீசரைத் திறக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியபோதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். எதிரில் ஆள் இருந்தால் எனக்கு வாய் வராது, போனில் குரல் மட்டும் இருந்தாலும் வராது, அது உனக்குத் தெரியும். நாற்பத்து மூன்று வயதில், தினமும் ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள் இப்படிச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும். புத்தகத்தில் இருப்பதை உரக்கச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டியதில்லை. அதனால்தான் வாத்தியார் வேலை எனக்குச் சரியாக வந்தது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் சரியாகக் கேட்டேனா என்று பார்த்துக்கொள். "அம்மா, ஓடைக்கரையில புடிச்ச அந்த ரெண்டு வெளிர் பொண்ணு பூச்சிங்களும் வீணாப் போச்சும்மா. நம்ம ஆணோட டிஎன்ஏ அதுங்க டியூப்ல கலந்துடுச்சு போல. ரெண்டும் அச்சு அசலா ஆண் மாதிரியே வருது" என்றாய். "செவப்புப் பொண்ணுதான் படுத்துது. மூணு தடவை டிஎன்ஏ டெஸ்ட் போட்டுட்டேன். ஆணுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாம எங்கயோ தூரத்துல போய் நிக்குது. எங்க லேப் மேடம், உங்கம்மாவோட பழைய பேப்பர்லயே தெளிவா இருக்கே, நீதான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்னு சொல்லிட்டாங்க." நான் "ம்" என்றேன். "வெள்ளிக்கிழமை புனேல ஆராய்ச்சிக்குச் சேரக் கெளம்பறதுக்குள்ள ஃப்ரீசர்ல என் தட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும். வெளிர் ரெண்டையும் எறிஞ்சுடறேன். செவப்பை மட்டும் எடுத்துக்கிட்டுப் போய் அங்க மறுபடி போடறேன். என் வெரலைக் கொட்டின பூச்சி, அதை எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தாய். அதற்கும் நான் "ம்" என்றேன். நீ போனை வைத்த பிறகும் ரொம்ப நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தேன்.

இதை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. நீ படித்த பிறகு இதை ஒரு பத்திரிகைக்கும் கொடுக்கப் போகிறேன். தவறு அச்சில் வந்தது, அதை ஒப்புக்கொள்வதும் அச்சில்தான் வர வேண்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் இடையில் சொல்லிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள். வெல்வெட் எறும்பு என்கிறோமே, அது ஒரு குளவி. பெண்ணுக்கு இறக்கை கிடையாது, எறும்பு போலத் தரையில் ஓடும், உடம்பெல்லாம் வெல்வெட் துணி போட்டது போல ரோமம். மண்ணில் பொந்து போடும் தேனீயின் கூட்டுக்குள் நுழைந்து, உள்ளே வளர்கிற குஞ்சின் மேல் முட்டை வைத்துவிட்டு வந்துவிடும். முட்டையிலிருந்து வருவது அந்தக் குஞ்சைத் தின்று வளரும். தாய்த் தேனீ மேலே மண்ணை மூடிவிட்டுப் போயிருக்கும், அதற்கு எதுவும் தெரியாது. ஆணுக்கு இறக்கை உண்டு. சில வகைகளில் ஆண் இருட்டிய பிறகுதான் பறக்கும். ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வயிற்றில் பிறந்தவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எந்த ஆணுக்கு எந்தப் பெண் என்று தெரிய அந்தக் காலத்தில் எங்களுக்கு ஒரே வழிதான் இருந்தது. இரண்டையும் சேர்ந்தாற்போலக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நம் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் டிகிரி முடித்த முதல் ஆள் நான். காலேஜில் முதல் வருடம் முடிந்ததும் கல்யாணம், கடைசி வருடப் பரீட்சையின்போது நீ கைக்குழந்தை. உன் அப்பா காட்டு வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டு என்னைப் பஸ் ஏற்றி அனுப்பினார். எம்.எஸ்ஸி.யும் முடித்து எம்.பில். சேர்ந்தபோது உனக்கு ஏழு வயது. வகுப்பில் நான் வாய் திறந்ததே இல்லை. மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பேசாதவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் கண் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும். பொம்மிடியிலிருந்து நம் ஊருக்கு வரும் வழியில், ஓடைக்கரையின் செம்மண் சரிவில் தேனீப் பொந்துகள் இருந்ததை அப்படித்தான் பார்த்தேன். இரவில் பறக்கும் பூச்சிகளை வரவழைக்க அங்கே விளக்குக் கட்டினேன். இரண்டு கம்பு, நடுவில் உன் அப்பா கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி, அதன் முன்னால் பேட்டரியில் எரிகிற ஒரு பல்பு. "தாலி கட்டின வேட்டிய பூச்சிக்குக் கட்டி வெச்சிருக்கா, கேட்டா படிப்புங்கறா" என்று உன் அப்பா போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் இரவு ஏழரை மணிக்கு ஒரு ஆண் வந்து வேட்டியில் உட்கார்ந்தது. மெழுகு போல வெளிர் பழுப்பு நிறம். உச்சந்தலையில் மூன்று சிற்றுக்கண்கள், அந்தச் சிறிய தலைக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. இருட்டில் பறக்கிறவற்றுக்குத்தான் அப்படி இருக்கும். மறுநாள் ஊசியில் குத்தப் போனால் ஊசி வளைந்தது, ஓடு அவ்வளவு கெட்டி. எங்களிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. அந்த மாதம் ஐந்து ஆண்கள் கிடைத்தன. பெண் ஒன்றுகூட இல்லை. "மாப்பிள்ளைங்களாவே வராங்க, பொண்ணு எங்கடி? நம்ம பக்கத்துப் பூச்சியும் நம்மளாட்டமேதான் இருக்குது" என்றார் உன் அப்பா. விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் மற்றக் கட்டில்களைவிட என் கட்டிலுக்கு இரண்டு தடவை அதிகமாக வந்து, உன் போர்வையை விலக்கி, மூச்சைப் பார்த்துவிட்டுப் போனாள். பெண் பிறந்த கட்டில்களை அப்போது நம் பக்கத்தில் அப்படித்தான் பார்ப்பார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தக் கடலை அறுவடை உனக்கு நினைவிருக்கும், ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். உச்சி வெயில். செடி பிடுங்கிக் காலியான சாலில் சிவப்பாக, முதுகில் வெள்ளைப் பொட்டு வைத்தது போல ஒன்று ஓடியது. பட்டுத் துண்டு என்று நினைத்து நீ எடுத்தாய். மோதிர விரலில் கொட்டியது. "அம்மா, அது கத்துது" என்று முதலில் ஆச்சரியமாகச் சொன்னாய், பிடித்தால் அது கிரீச்சென்று சத்தம் போடும். அதன் பிறகுதான் அழ ஆரம்பித்தாய். நீ சொல்லும் கதையில் நான் ஓடி வந்து உன்னைத் தூக்குவேன், ஒரு கையால் பூச்சியையும் பிடித்துவிடுவேன், எல்லோரும் கைதட்டுவார்கள். நடந்தது அப்படியில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய், நான் தண்ணீர் பாட்டிலைக் கொட்டிக் காலி செய்து, மண்டி போட்டு அந்தப் பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தேன். "புள்ளையப் பாருடி, பூச்சிய அப்பறம் பாத்துக்கலாம்" என்று உன் அப்பா கத்திக்கொண்டே வந்து உன்னைத் தூக்கிப் போனார். உன் விரலில் சுண்ணாம்பு தடவியது அவர். கை மணிக்கட்டுவரை வீங்கி, அன்று முழுக்க நீ சாப்பிடவில்லை. நான் மூடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். இதையாவது முன்பே உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அந்தக் கதையை இன்னும் அழகாக்கிக்கொண்டே போனாய், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் பெட்டியை எடுத்துக்கொண்டு என் எம்.பில். கைடு சாரிடம் போனேன். அவர் நல்லவர், ஒரு நாளும் அதட்டியதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பழியை அவர்மேல் போட எனக்கு வசதியாக இருக்கக் கூடாது. லென்ஸ் வைத்து ஆண்களைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "புதுசும்மா இது. ஆனா ஆணை மட்டும் வெச்சு எழுதினா பாதிதான். இந்தச் செவப்புப் பொண்ணு எங்க கெடைச்சுது, அதே எடத்துலயா?" என்றார். "ஆமாங்க சார், பக்கத்துலதாங்க" என்றேன். "வெளிச்சத்துக்கு வந்துதா? ஆணோட சேர்ந்து பாத்தியா?" அறையில் இருந்த இன்னும் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "இல்லைங்க சார், பகல்லங்க, கடலைக் காட்டுலங்க" என்ற வார்த்தைகள் என் தொண்டையில் வரிசையாக நின்றன. இரவில் பறக்கிற ஆணுக்கு உச்சி வெயிலில் ஓடுகிற பெண் ஜோடியாக இருக்கும் என்று நம்புவது கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை ஆட்டினேன். "பிரமாதம். அப்ப எழுதிடு" என்றார். அவ்வளவுதான், கண்ணு. ஒரு தலையாட்டல். அவர் அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

தலையாட்டலோடு நின்றிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேபிளை மாற்றினேன். ஊசியில் பூச்சிக்குக் கீழே ஒரு சிறு சீட்டு இருக்கும், எங்கே, எப்போது, யார் பிடித்தது என்று. பிடித்த அன்றே எழுத வேண்டும், பிறகு தொடக்கூடாது. சார் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அதுதான். 'கடலைக் காடு, பகல் பன்னிரண்டரை' என்று என் கையால் எழுதிய சீட்டை உருவிவிட்டு, 'ஓடைக்கரை, விளக்கு வெளிச்சத்தில், இரவு ஏழரை' என்று புதிய சீட்டு குத்தினேன். ஊசி வளையவில்லை. காகிதத்தில் சுலபமாக இறங்கியது. பழைய சீட்டைக் கிழித்துப் போட மனம் வராமல் அந்த வருட நோட்டுக்குள் வைத்தேன். உன் பெயரையே அந்த இனத்துக்கு வைத்தேன், வாலில் லத்தீன் ஒட்டி. ஆய்விதழில் அந்தப் பேப்பர் வந்த அன்று உன் அப்பா மிட்டாய் வாங்கி வந்து நம் தெரு முழுக்கக் கொடுத்தார். என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு அவரால் விளக்க முடியவில்லை. "எம் பொண்ணு பேருல ஒரு பூச்சிங்க" என்றார். பாதிப் பேர் ஏதோ பூச்சிமருந்துக்கடை சமாச்சாரம் என்று நினைத்தார்கள்.

பொய் அந்த இடத்திலேயே கிடந்திருந்தால் பரவாயில்லை. அது கால் முளைத்து நடந்துபோனது. இரண்டு வருடம் கழித்து, யாரோ நல்ல எண்ணத்தோடு நம் பக்கத்து வெல்வெட் எறும்புகளை அடையாளம் காண ஒரு வழிகாட்டிப் பட்டியல் போட்டார்கள். இரவுப் பூச்சியின் பெண் என்றால் மார்பு சிவப்பு, முதுகில் வெள்ளைப் பொட்டு என்று அதில் என் வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். அதன்பின் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஒரு மாணவி பெட்டி நிறையச் சிவப்புப் பெண்களைப் பிடித்து, எல்லாவற்றுக்கும் உன் பெயரை எழுதி, எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டாள். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. சிவப்பைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையான பெண்ணை ஒருவர் பிடித்திருந்தால், அது எதிலும் பொருந்தியிருக்காது. நிறம் போன பழசு, கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்திருப்பார்கள். இந்தப் பதினாறு வருடத்தில் அப்படி எத்தனை பேர் கைக்கு எத்தனை வந்து எத்தனை போனதோ. பெண் என்று தெரியாமலேயே போனவை.

போன கோடை விடுமுறையில் நீ டார்ச் எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனாய். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து, "அம்மா, பொந்துகிட்ட ரெண்டு ஓடுச்சு, ரெண்டும் ஒரே மாதிரி, வெளுத்துப் போன மாதிரி இருக்கு, என்னன்னு பாரு" என்று சமையல்கட்டு வெளிச்சத்தில் டியூபை நீட்டினாய். நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வாங்கினேன். மெழுகு நிறம். வயிற்றின் பக்கவாட்டில் ஓடும் ஒரு மெல்லிய ரோமக் கோடு, ஆணுக்கு இருப்பது போலவே, அதே இடத்தில், அதே நீளத்தில். எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. "என்னம்மா, புதுசா?" என்றாய். "இல்ல, சாதாரணமாத்தான் இருக்கு" என்றேன். தோசை கருகும் வாசனை வந்தது, அதைச் சாக்காக வைத்துத் திரும்பிக்கொண்டேன். முதல் தடவை எனக்கு வயது இருபத்தேழு, எதிரில் சார் இருந்தார். இந்தத் தடவை எதிரில் நீ மட்டும்தான் இருந்தாய்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. உன் கை தப்பு செய்யவில்லை. டியூபில் எதுவும் கலக்கவில்லை. அந்த இரண்டும் ஆணைப் போலவே வருவதற்குக் காரணம், அவைதான் அதன் பெண்கள். சிவப்பு தூரத்தில் போய் நிற்பதற்குக் காரணம், அதற்கும் இதற்கும் எப்போதுமே சம்பந்தம் இருந்ததில்லை. அதை நூறு தடவை போட்டாலும் அங்கேதான் நிற்கும். நீ நாளெல்லாம் உட்கார்ந்து, உன்மேலேயே சந்தேகப்பட்டு, சரியாக வந்த விடையைத் தப்பு என்று அழித்துக்கொண்டிருக்கிறாய். அம்மா எழுதியது தப்பாக இருக்காது என்ற ஒரே நம்பிக்கையில். எனக்கு அதுதான் தாங்கவில்லை. உன் புனே இன்டர்வியூவில் விரலை நீட்டி, இந்தத் தழும்பு என் பெயர் கொண்ட பூச்சி தந்தது என்று சொன்னதாகச் சொன்னாயே, அந்தக் கதையையும் இன்று உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போகாது. பெயர் அந்த முதல் ஆணின்மேல் வைத்தது, அதனோடுதான் நிற்கும். பெண் மட்டும் மாறும். உன்னைக் கொட்டியது வேறொரு பூச்சி, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஓடைக்கரையை மனை போடுகிறார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்டாகிவிட்டது. "சரிவைத் தள்ளி மட்டம் பண்ணிடுவாங்களாம், அடுத்த வாரம் ஜேசிபி வருதுன்னாங்க" என்று உன் அப்பா திங்கட்கிழமை சொன்னார். அடுத்த வாரம்வரை காத்திருக்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும்போது ஜேசிபி அங்கே நின்றிருந்தது. ஆள் இல்லை, கொத்துகிற கை மட்டும் மண்ணில் ஊன்றியபடி. இருட்டியதும் உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அதே வேட்டிதான், இப்போது பாதிதான் மிச்சம், மீதியைக் கரித்துணியாக்கியாயிற்று. விளக்கைக் கட்டிவிட்டு இரண்டு பேரும் பொந்துகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் உன் அப்பாவிடம் சொன்னேன், உன்னிடம் சொல்வதற்கு முன்னால். அவர் திரும்பி அந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் தெருவுக்கெல்லாம் முட்டாய் குடுத்தது?" என்றார். "ஆண் நிஜம்தாங்க" என்றேன். "பாதி முட்டாயாவது நிஜமா இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "புள்ளகிட்ட சொல்லிடு. கோச்சுக்கும். கோச்சுக்கட்டும்" என்றார்.

பழைய நோட்டையும் பழைய சீட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த ஆய்விதழுக்கு எழுத வேண்டியதை எழுதிவிட்டேன், கிருஷ்ணகிரி மாணவிக்கும் எழுதிவிட்டேன். இந்தப் பக்கங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டு, நாளைக் காலை பொம்மிடியில் ரயிலேறி, ஜோலார்பேட்டையில் மாறி, மதியத்துக்குள் பெங்களூர் வந்துவிடுவேன். உன் மேடத்திடம் நானே சொல்கிறேன். வாய் வராவிட்டால் நோட்டைத் திறந்து காட்டுகிறேன். நீ பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. புனேயில் உன்னையும் ஒரு நாள் நல்லவர் ஒருவர் கேட்பார், நீ பார்த்தாயா என்று. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அப்போது உன் தலை தானாக அசையப் பார்க்கும், என் கழுத்துதானே உனக்கும். கையால் பிடித்துக்கொள்.

நேற்று ஒன்பதரைவரை உட்கார்ந்திருந்தோம். ஜேசிபியின் நிழல் சரிவின் பாதியை மறைத்திருந்தது. வெளிர் நிறத்தில் ஏதாவது ஓடுகிறதா என்று டார்ச்சை நகர்த்திக்கொண்டே இருந்தேன். கூழாங்கல் ஒவ்வொன்றும் அசைவது போலத் தெரிந்தது. உண்மையாகச் சொல்கிறேன், ஒரு தடவை பார்த்துவிட்டேன் என்றுகூடத் தோன்றியது. நாளைக்குச் சரிவு இருக்காது, யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள் என்றும் தோன்றியது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, உன் அப்பா டார்ச் பிடிக்க, அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: 'ஓடைக்கரை, விளக்கு வெளிச்சம், இரவு ஏழு முதல் ஒன்பதரை. ஆண் ஒன்று வந்தது. பெண்ணைப் பார்க்கவில்லை.'

நம்மிடம் இருப்பது உன் ஃப்ரீசரில் இருக்கும் அந்த இரண்டு மட்டும்தான், கண்ணு. நான் வரும்வரை அவற்றைப் பார்த்துக்கொள்.

அம்மா